பெட்டி கேஸுக்கு ‘ஆம்’ போடுவதா, ‘இல்லை’ போடுவதா?

25 வயது வாசகர் ஒருவர் மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம், விஷயம் இதுதான். 2023 டிசம்பர் 31 நள்ளிரவில் நண்பர்கள் ஐந்து பேர் சாலை நடுவே பைக்கை நிறுத்தி, சீட்டின் மேல் கேக்கை வைத்து வெட்டியிருக்கிறார்கள். ஸ்பீக்கரில் பாட்டு. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தும் நகரவில்லை. ரோந்து வந்த காவலர்கள் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய்ப் பெயர், முகவரி வாங்கிக்கொண்டு, “பெட்டி கேஸ்தான், கோர்ட்டுக்கு வந்து ஃபைன் கட்டிட்டுப் போயிடுங்க” என்று அனுப்பிவிட்டார்கள். ஜனவரியில் நான்கு பேர் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆளுக்கு 200 ரூபாய் கட்டினார்கள். ஐந்தாவது நண்பர் போகவில்லை.

இப்போது இவருக்கு மத்திய அரசுத் துறை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. சேருவதற்கு முன் நிரப்ப வேண்டிய சரிபார்ப்புப் படிவத்தில், கைது, வழக்கு, தண்டனை உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். அப்பா, “அதையெல்லாம் எதுக்குடா எழுதிக்கிட்டு?” என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் அக்கா கணவர், “இங்கே அதுக்குப் பேர் மிஸ்டிமீனர். கிரைம் லிஸ்ட்லயே வராது. தைரியமா ‘இல்லை’ன்னு போடு” என்கிறார். இவருக்கு மூன்று கேள்விகள்: மிஸ்டிமீனர் என்றால் என்ன, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, நம் பெட்டி கேஸும் அதுவும் ஒன்றா? எஃப்.ஐ.ஆர். இல்லாத, ஃபைனோடு முடிந்த விஷயத்தைக் குற்றம் என்று சொல்ல முடியுமா? பாஸ்போர்ட் எடுக்க நினைக்கும் அந்த ஐந்தாவது நண்பர் என்ன செய்ய வேண்டும்?

தம்பி, முதலில் வேலை கிடைத்ததற்கு வாழ்த்துகள். பதிலை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு நிதானமாகப் படிக்கலாம். ‘இல்லை’ என்று போடாதீர்கள். 200 ரூபாய் ஃபைன் உங்கள் வேலைக்கு உலை வைக்க வாய்ப்பு மிகக் குறைவு. ‘இல்லை’ என்ற மூன்றெழுத்துக்கு அந்த வாய்ப்பு நிறையவே உண்டு.

அந்தச் சொல் நடந்து வந்த வழி

உங்கள் மாமா சொன்ன சொல்லிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் குழப்பம் அங்கேதான். மிஸ்டிமீனர் என்பதில் ‘மிஸ்’ என்றால் தவறான. ‘டிமீனர்’ என்றால் நடத்தை. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் வேரைத் தோண்டிக்கொண்டே போனால் லத்தீனில் கால்நடைகளை அதட்டி ஓட்டுவதைக் குறிக்கும் வினைச்சொல்லில் போய் நிற்கும். மாட்டை ஓட்டுவது, ஆளை நடத்திப் போவது, தன்னைத் தானே நடத்திக்கொள்வது என்று பொருள் மெல்ல மாறியது. நாமும் ‘நட’ என்பதிலிருந்து ‘நடத்தை’யை உண்டாக்கியவர்கள்தானே. ஆகவே சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘நடத்தைப் பிசகு’. கேட்க எவ்வளவு மென்மையாக இருக்கிறது பாருங்கள்! மென்மைக்குக் காரணம் உண்டு. பழைய இங்கிலாந்துச் சட்டத்தில் பெரிய குற்றத்துக்கு ஃபெலனி என்று பெயர். அதில் சிக்கினால் பெரும்பாலும் உயிர் போகும், நிலமும் பொருளும் பறிபோகும். அந்த வரிசையில் சேராத மீதிக் குற்றங்களையெல்லாம் போட்டு வைத்த கூடைதான் மிஸ்டிமீனர். குற்றம் இல்லை என்பதால் அந்தப் பெயர் வைக்கவில்லை. நிலம் பறிபோகாத குற்றம் என்பதால் வைத்தார்கள்.

இங்கிலாந்தே அந்தப் பிரிவினையை 1967-இல் சட்டம் போட்டு எடுத்துவிட்டது. சொத்துப் பறிமுதல் அதற்கு முன்பே, 1870-இல் ஒழிந்துவிட்டது. கூடைக்கு வேலையில்லாமல் போய்க் கிட்டத்தட்ட நூறாண்டு ஆன பிறகுதான் கூடையைத் தூக்கிப் போட்டார்கள். சட்டத்துறைக்காரர்கள் எவ்வளவு சுறுசுறுப்பு என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். அமெரிக்கா மட்டும் அந்தச் சொல்லை விடவில்லை. அதிபரைப் பதவி நீக்கம் செய்வது பற்றிய அரசியல் சட்டப் பிரிவிலேயே அது இருக்கிறது. அன்றாட வழக்குகளில், பொதுவாக ஓராண்டு வரை சிறை விதிக்கத்தக்க குற்றங்களுக்கு அங்கே அந்தப் பெயர். குடித்துவிட்டுக் கார் ஓட்டி முதல்முறை பிடிபட்டால் பெரும்பாலான மாநிலங்களில் மிஸ்டிமீனர்தான். சின்னக் கடைத் திருட்டும் பெரும்பாலும் அப்படியே. ‘கிரைம் லிஸ்டிலேயே வராது’ என்று உங்கள் மாமா சொல்வது அவர் வசிக்கும் நாட்டுக்கே பொருந்தாது.

அவருக்கு நேரடியாக ஒரு வார்த்தை, கடிதத்தை அவரும் படிப்பார் என்று எழுதியிருப்பதால். அந்நியராக அங்கே இருப்பவருக்குச் சிக்கல் குற்றத்தின் பெயரில் இல்லை, அதிகபட்சத் தண்டனை எத்தனை நாள் என்பதில் இருக்கிறது. கலிஃபோர்னியா மாநிலம் 2015 முதல் மிஸ்டிமீனருக்கான உச்சபட்சச் சிறையை 365 நாளிலிருந்து 364 நாளாகக் குறைத்தது. ஒரே ஒரு நாள். ‘ஓராண்டு அல்லது அதற்கு மேல்’ என்று குடியேற்றச் சட்டத்தில் இருக்கும் வரியில் சிக்கி, சின்னக் குற்றத்துக்காக ஆட்கள் நாடு கடத்தப்படக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஒரு நாள் குறைப்பு. அமெரிக்க விசா படிவமும் ‘ஃபெலனி உண்டா, மிஸ்டிமீனர் உண்டா’ என்று பிரித்துக் கேட்பதில்லை. எந்தக் குற்றத்துக்காகவாவது கைதானதுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா, மன்னிப்புக் கிடைத்திருந்தாலும் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறது.

நம்மூர்ப் பெட்டி

நம் நாட்டுக்கு வருவோம். மெக்காலே தலைமையிலான குழு 1837-இல் தயாரித்த வரைவுதான் பிறகு 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டமாக ஆனது. ஃபெலனி, மிஸ்டிமீனர் என்ற பிரிவு அதில் இல்லை. தண்டனைக்குரிய எல்லாவற்றுக்கும் ஒரே சொல்: குற்றம். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அந்த வழியில்தான் போகிறது. ஆகவே, இந்தியாவில் உங்கள் மேல் ‘மிஸ்டிமீனர்’ எதுவும் இல்லை. மாமா சொன்னதில் இது மட்டும் சரி, அவர் நினைத்த காரணத்துக்காக அல்ல.

பெட்டி கேஸ் என்பதில் உள்ள பெட்டி நம் டிரங்குப் பெட்டி இல்லை. ‘சிறிய’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் ஆங்கிலம் வழியாக வந்தது. (பெட்டிக்கடையில் இருப்பது நம் சொந்தப் பெட்டி. ஆனால் லைசென்ஸ் பேப்பரில் அதையும் ‘பெட்டி ஷாப்’ என்று எழுதி இரண்டு பெட்டியையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.) ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் நாம் வாயால் சொல்லும் ‘பெட்டி கேஸ்’ ரொம்ப விரிந்த வழக்குச் சொல். பொது இடத்தில் சத்தம் போட்டது, குடித்துவிட்டு அலைந்தது, சென்னை மாதிரி நகரங்களில் 1888-ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டத்தின் 75-ஆம் பிரிவு என்று எல்லாம் அதில் அடங்கும். சட்டப் புத்தகத்தில் இருக்கும் பொருள் குறுகலானது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 206-ஆம் பிரிவுப்படி, 1,000 ரூபாய்க்கு மேற்படாத அபராதம் மட்டுமே விதிக்கத்தக்க குற்றம்தான் சிறு குற்றம். அதன் இடத்துக்கு வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 229-ஆம் பிரிவில் அந்த வரம்பு 5,000 ரூபாய். மோட்டார் வாகனச் சட்டக் குற்றங்கள் இரண்டிலுமே சேராது.

இன்னொரு வேடிக்கை. சிறார் நீதிச் சட்டம் 2015-இல் அதே ‘சிறு குற்றம்’ என்ற சொல்லுக்கு, மூன்று ஆண்டு வரை சிறை விதிக்கத்தக்க குற்றம் என்று பொருள். புதிய நியாய சன்ஹிதாவின் 112-ஆம் பிரிவு ‘சிறு அமைப்புசார் குற்றம்’ என்று ஒன்றை வைத்திருக்கிறது. கும்பலாகச் சேர்ந்து பிக்பாக்கெட் அடிப்பது, பிளாக்கில் டிக்கெட் விற்பது, தேர்வு வினாத்தாள் விற்பது போன்றவை. தண்டனை குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஏழாண்டு! பெயரில் ‘சிறு’ இருக்கிறதே என்று யாராவது அசட்டையாக இருந்தால் என்ன ஆகும்? அதனால்தான் என்னிடம் யார் பெட்டி கேஸ் என்று சொல்லிக்கொண்டு வந்தாலும், “எந்தச் சட்டம், எந்தப் பிரிவு?” என்றுதான் முதலில் கேட்பேன்.

உங்களுடையது எந்தப் பிரிவு? நீங்கள் அனுப்பிய ரசீதின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இ.த.ச. (இந்திய தண்டனைச் சட்டம்) 290, பொதுத் தொல்லை. சம்பவம் 2023-இல் நடந்ததால் பழைய சட்டமே பொருந்தும். அதிகபட்சத் தண்டனை 200 ரூபாய் அபராதம், சிறையே கிடையாது. அதாவது உங்களுக்கு விதித்தது அந்தப் பிரிவின் உச்சத் தண்டனை. (புதிய சட்டத்தின் 292-ஆம் பிரிவில் அதுவே 1,000 ரூபாய்.)

நீங்கள் தவறாக நினைத்துக்கொண்டிருக்கும் இரண்டு விஷயங்கள்

எஃப்.ஐ.ஆர். இல்லை, அதனால் வழக்கு இல்லை என்கிறீர்கள். 290 காவல்துறை தானாக விசாரிக்க முடியாத வகைக் குற்றம். அதற்கு எஃப்.ஐ.ஆர். இல்லாமல் இருப்பதில் வியப்பில்லை. வழக்குக்கு நீதிமன்றத்தில் எண் விழுந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. விழுந்திருக்கிறது, ரசீதில் எஸ்.டி.சி. (சுருக்க விசாரணை வழக்கு) என்று தொடங்கும் எண்ணே அதுதான்.

ஃபைன் கட்டினேன், தண்டனை எதுவும் இல்லை என்கிறீர்கள். இந்திய தண்டனைச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு, தண்டனைகள் எவை என்று பட்டியல் போடுகிறது. தூக்கு, ஆயுள், சிறை, சொத்துப் பறிமுதல், கடைசியில் அபராதம். ஒரே பட்டியல்தான். குற்றவாளி என்று தீர்மானித்த பிறகுதான் நீதிமன்றம் அபராதமே விதிக்க முடியும். சிக்னலில் போக்குவரத்துக் காவலரிடம் கட்டும் ஸ்பாட் ஃபைன் வேறு. அது வழக்குப் போடாமல் தீர்த்துக்கொள்ளும் தொகை.

கோர்ட்டில் உங்களுக்கு அந்தக் காலை நேரம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் பல வருடமாக அது மாதிரிக் கோர்ட் வராந்தாவில் நின்றுகொண்டிருக்கிறேன். கோர்ட் வேலை பார்க்கும் காவலர் நாற்பது பேரை வரிசையில் நிறுத்துவார். “ஐயா கேட்டா ஆமாங்கய்யான்னு சொல்லுங்க, அஞ்சு நிமிஷத்துல போயிடலாம்.” பெயர் கூப்பிடுவார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா? ஆமாங்கய்யா. அடுத்த பெயர். அந்த ‘ஆமாங்கய்யா’ என்ன செய்கிறது என்று அங்கே யாரும் சொல்வதில்லை. ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், தண்டனையின் அளவையோ சட்டப்படியான தன்மையையோ தவிர வேறெதையும் மேல்முறையீட்டில் கிளப்ப முடியாது. உங்கள் மாதிரித் தொகைக்கு மேல்முறையீடே இல்லை என்றும் இன்னொரு பிரிவு சொல்கிறது.

அப்படியானால் தீர்ப்பை மாற்றவே முடியாதா என்று கேட்பீர்கள். சீராய்வு மனு என்று ஒரு வழி இருக்கிறது. அதற்கு 90 நாள் கெடு, அது எப்போதோ போய்விட்டது. தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். உயர் நீதிமன்றத்தில் ரத்து மனுவும் போடலாம். நடுவரின் (மாஜிஸ்திரேட்டின்) உத்தரவு வாங்காமல் காவல்துறை விசாரித்தது என்பது போன்ற வாதங்கள் அங்கே எடுபடுவதும் உண்டு. ஆனால் 200 ரூபாய் வழக்குக்காக இப்போதே ஹைகோர்ட் படி ஏறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கான செலவும், வேலையில் சேர வேண்டிய கெடுவும் ஒத்துவராது. துறை வேலை மறுத்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

படிவத்தில் என்ன எழுதுவது

மத்திய அரசின் சரிபார்ப்புப் படிவத்தை நிதானமாகப் படியுங்கள். கைது செய்யப்பட்டதுண்டா, வழக்குத் தொடரப்பட்டதுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா என்பவற்றோடு ‘நீதிமன்றத்தால் அபராதம் விதிக்கப்பட்டதுண்டா’ என்று தனியாகவே ஒரு கேள்வி இருக்கும். உங்களுக்காகவே அச்சடித்த மாதிரி! பொய்த் தகவல் கொடுத்தாலோ மறைத்தாலோ அதுவே தகுதியிழப்பாகும் என்ற எச்சரிக்கையும் படிவத்தின் தலையிலேயே இருக்கும்.

இந்த மாதிரி விவகாரங்களில் 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, அவதார் சிங் வழக்கில் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. சுருக்கம் இது: கேட்ட தகவலை உண்மையாகச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னவரின் பின்னணியை எடைபோடும் உரிமை வேலை கொடுப்பவருக்கு அப்போதும் உண்டு. இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப விஷயத்தை ஒருவர் மறைத்திருந்தால், மறைத்ததைக்கூட மன்னிக்க அதிகாரி தன் விருப்புரிமையைப் பயன்படுத்தலாம். உங்கள் மாமா மாதிரி ஆட்கள் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டு, “பார்த்தாயா, மறைத்தாலும் பரவாயில்லை” என்பார்கள். மன்னிக்கலாம் என்றால் மன்னிக்காமலும் விடலாம். அந்த விருப்புரிமைக்கு எதற்காக உங்கள் வேலையைப் பணயம் வைக்க வேண்டும்? தவிர, பின்னணியைச் சரிபார்க்கும் காகிதம் கடைசியில் உங்கள் பகுதிக் காவல்துறையிடம்தான் போகும். உங்கள் பெயரை எழுதிக்கொண்டவர்களும் அவர்கள்தான்.

உங்கள் பக்கம் பலம் இருக்கிறது. பொதுத் தொல்லை, ஒழுக்கக்கேடான குற்ற வகையில் சேராது. சிறைத்தண்டனை இல்லை. யாருக்கும் காயம் இல்லை, திருட்டு இல்லை, ஏமாற்று இல்லை. வழக்கு முடிந்துவிட்டது. ஆகவே அபராதம், வழக்கு, தண்டனை ஆகிய கட்டங்களில் ‘ஆம்’ போட்டு, விவரம் கேட்கும் இடத்தில் அலங்காரம் இல்லாமல் இப்படி எழுதுங்கள்: “31.12.2023 இரவு பொதுச் சாலையில் நண்பர்களுடன் புத்தாண்டு கொண்டாடியது தொடர்பாக இ.த.ச. பிரிவு 290-இன் கீழ் வழக்கு. இன்ன நீதிமன்றம், எஸ்.டி.சி. எண் இன்னது, இன்ன தேதியில் ரூ.200 அபராதம் விதிக்கப்பட்டுச் செலுத்தப்பட்டது. வேறு வழக்கு எதுவும் இல்லை.” ‘போலீஸ் வேண்டுமென்றே பிடித்தது’, ‘நான் ஓரமாகத்தான் நின்றேன்’ என்றெல்லாம் சேர்க்காதீர்கள். ஒப்புக்கொண்ட வழக்கில் அது இன்னொரு பொய் மாதிரிப் படிக்கப்படும். கைது என்ற கட்டத்தில் மட்டும் கவனம்: ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனதைக் கைது என்று காகிதம் போட்டார்களா இல்லையா என்பதைக் கோர்ட் ஆவணத்தில் பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக. தமிழகக் காவல்துறைப் பணிக்கான விதிகள் இதைவிடக் கடுமை. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரைக்கூட வழக்கில் தொடர்புடையவராகவே அவை பார்க்கின்றன. அந்த வேலைக்குப் போகிறவர்கள் என் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், வழக்குக் காகிதத்தோடு ஒரு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது நண்பருக்கு

உங்களைவிட அவர் நிலைமைதான் எனக்குக் கவலை தருகிறது. உங்கள் வழக்கு முடிந்தது, அவருடையது முடியவில்லை. பாஸ்போர்ட் சட்டம் 1967, நிலுவையில் இருக்கும் குற்ற வழக்கைக் காரணமாகக் காட்டிப் பாஸ்போர்ட்டை மறுக்க இடம் தருகிறது. நீதிமன்ற அனுமதியோடு எடுக்க 1993-ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்று வழி செய்கிறது. ஆனால் இந்த அளவு வழக்குக்கு அனுமதி கேட்டு அலைவதைவிட வழக்கை முடிப்பது சுலபம். உங்களுக்கு இந்தத் தடை இல்லை. தண்டனை பெற்றவர்களைப் பற்றிய பிரிவு, ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக, விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் குறைந்தது இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றவர்களைப் பற்றியது.

அவர் முதலில் இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கின் நிலையைப் பார்க்கட்டும். சம்மன் போயும் வராமல் இருந்தால் வாரண்ட் பிறப்பித்திருக்கலாம். அப்படியானால் வழக்கறிஞரோடு தானாகப் போய் அதைத் திரும்பப் பெறச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். போலீஸ் தேடி வரும்வரை காத்திருக்கக் கூடாது. வழக்கு எந்தத் தேதியில் கோப்புக்கு எடுக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். அபராதம் மட்டுமே விதிக்கத்தக்க குற்றத்தை ஆறு மாதத்துக்குள் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க வேண்டும் என்பது விதி. உங்கள் நால்வர் வழக்கோடு அவர் பெயரும் சேர்ந்தே இருந்தால் இந்தக் கதவு மூடிவிட்டது. பிறகு தனியாக எடுத்திருந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

அவர் சாலையில் நின்றது உண்மையென்றால், ஒப்புக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வெறும் ‘ஆமாங்கய்யா’வோடு நிறுத்த வேண்டாம். குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958-இன் 3-ஆம் பிரிவுப்படி, முன்பு தண்டனை பெறாதவரை அபராதம் கூட விதிக்காமல் எச்சரித்து அனுப்ப நடுவருக்கு அதிகாரம் உண்டு. அப்படி அனுப்பப்பட்டவருக்கு, தண்டனையோடு ஒட்டிவரும் தகுதியிழப்பு எதுவும் ஒட்டாது என்கிறது 12-ஆம் பிரிவு. படிவத்தில் கேட்டால் அதையும் சொல்லத்தான் வேண்டும், சம்பவம் அழிந்துவிடாது. ஆனாலும் உங்கள் ரசீதைவிட அவர் கையில் கிடைக்கப்போகும் உத்தரவு நல்ல உத்தரவு. வரிசையில் நின்ற அன்று உங்கள் நால்வருக்காகவும் யாராவது இதைக் கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

கடைசியாக அந்த ரசீது. உங்கள் கடிதத்தில் இனிஷியல் ‘க’, ரசீதில் ‘ச’. கையெழுத்துக் கோளாறாக இருக்கலாம், தீர்ப்பிலேயே அப்படித்தான் இருக்கவும் கூடும். தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்குக் காப்பி அப்ளிகேஷனை இந்த வாரமே போடுங்கள். நகலிலும் ‘ச’ என்றே இருந்தால், அது வேறு ஆள் என்று ஒதுங்கப் பார்க்காமல், ‘நீதிமன்ற ஆவணத்தில் இனிஷியல் இவ்வாறு உள்ளது’ என்று படிவத்தின் விவரப் பகுதியிலேயே ஒரு வரி சேர்த்து, நகலையும் இணைத்து அனுப்புங்கள்.